காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: சென்னைக் கரையோரத்தில் பறவைப் படம் எடுக்க ஒரு வழிகாட்டி

சென்னைக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில் மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோதான் போகிறார்கள். சூரியன் எழும்வரை எல்லாம் அழகாக இருக்கும். எழுந்து அரை மணி நேரம் ஆன பிறகு, அலையோரம் வந்து இறங்கும் கொக்கை எடுத்தால் வெறும் கறுப்பு உருவமாகத்தான் விழும். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் கடல் பக்கமிருந்து நம் முகத்தில் அடிக்கிறது. பறவையின் நம்மைப் பார்த்த பக்கம் முழுக்க நிழல்.

அதனால் கேமராவைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் திசையைப் படித்துக்கொள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பறவையின் இறகு, கண், கால் நிறம் எல்லாம் தெரியும். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே இருக்கும் கழிமுகத்தையும் உப்பங்கழியையும் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள். சென்னையில் நல்ல படத்துக்குப் பாதி வழி இதிலேயே வந்துவிடுகிறது.

எந்த மாதம் வருவது

வலசை வரும் பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பரிலிருந்து வரத் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இங்கே தங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வெளிச்சத்தை நம்பிப் பயணத் திட்டம் போட முடியாது. ஏரிகளிலும் சதுப்பிலும் தண்ணீர் ஆழமாக நிற்பதால், சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களும் சிதறிப் போயிருக்கும். ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் வற்ற வற்றச் சேறு வெளியே தெரியும், பறவைகள் அங்கே கூடும். வெயிலும் காலை பத்து மணி வரை தாங்கும்.

ஜனவரி கடைசியில் சூரியன் எழுவது 6.35 வாக்கில், ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கிலேயே எழுந்துவிடும். நேரத்தோடு இடமும் மாறும். மார்கழி, தை மாதங்களில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் வலது கைப் பக்கம் தள்ளி, தென்கிழக்கில் எழும். கோடையில் இடது பக்கம். படகையோ மண்டபத்தையோ முன்னால் வைத்துச் சூரியோதயம் எடுக்க நினைத்தால், எங்கே நிற்பது என்பதை முதல் நாள் மாலையே போய்ப் பார்த்து வைத்துவிடுங்கள்.

என்ன கேமரா போதும்

கடல், வானம், படகு, விடியல் என்றால் கையில் இருக்கும் போனே போதும். ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். திரையில் வெளிச்சமான மேகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். வெளுத்துப்போகும் விடியல் வானம் தன் நிறத்துக்குத் திரும்பும்.

பறவைக்குப் போன் உதவாது. குறைந்தது 300 மிமீ லென்ஸ் வேண்டும். 70-300 லென்ஸில் தொடங்கலாம். 150-600 இருந்தால் வசதி, ஆனால் கடற்கரை மணலில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது தோளுக்குச் சுமை. பயணத்தில் வருகிறவர்களுக்கு, லென்ஸ் மாற்றத் தேவையில்லாத சூப்பர்ஜூம் கேமராவை நான் தயங்காமல் சொல்வேன். விலை குறைவு, எடை குறைவு, மணற்காற்றில் லென்ஸைக் கழற்றும் வேலையும் இல்லை.

அமைப்புகளை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்

இருட்டில் கடற்கரையில் நின்று மெனுவைத் தேடுவது வீண் வேலை. முதல் நாள் இரவே இவற்றைச் செய்து வையுங்கள்.

ஷட்டர் வேகத்தை நீங்கள் முடிவு செய்யும் முறைக்கு வாருங்கள். நிக்கானில் அது 'எஸ்', கேனனில் 'டிவி'. நிற்கும் பறவைக்கு 1/500 நொடி, நடக்கும் உள்ளானுக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பாக 3200 வையுங்கள். ஃபோகஸை, நகரும் பொருளை விடாமல் தொடரும் கன்டினியஸ் முறையில் போடுங்கள். பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ஒரே அழுத்தலில் பல படம் விழும் பர்ஸ்ட், அப்புறம் கோப்பு வகை ரா, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வகை.

இதற்கு மேல் புதியவர்கள் கட்டாயம் கற்க வேண்டியது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டுவது, குறைப்பது. வெள்ளைக் கொக்கு கறுத்த தண்ணீரின் முன்னால் நின்றால், கேமரா தண்ணீரின் கறுப்பைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கும். கொக்கு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, ஒரு இறகும் தெரியாமல் போய்விடும். அப்போது மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1. வெளிர் வானத்தில் பருந்து பறந்தால் நேர்மாறு. பிளஸ் 1 வைத்தால்தான் வயிற்றுப் பக்கம் தெரியும். நம் ஊர்க் கரைகளில் பாதிப் பறவைகள் வெள்ளை என்பதால், விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும்வரை பழகிவிடுங்கள்.

முதல் விடியல்: பெசன்ட் நகர்

விடியலைக் கடற்கரையில்தான் எடுக்க வேண்டும். எலியட்ஸ் கடற்கரை அதற்கு எளிதான இடம். பேருந்து வசதி உண்டு, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இருப்பதால் துணையும் உண்டு. 1930-இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவு மண்டபம் இங்கே மணலில் நிற்கிறது. அதன் வெள்ளைச் சுவர் விடியலுக்கு முன் நீலமாகவும், சூரியன் எழுந்ததும் மஞ்சளாகவும் மாறும். சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே வந்துவிடுங்கள். அந்த நீல நேரத்தை விட்டால் அன்றைக்குத் திரும்ப வராது.

முக்காலி இருந்தால் ஷட்டரை அரை நொடிக்குக் கொண்டு வாருங்கள். அலை ஏறி வரும்போது எடுக்காதீர்கள், இறங்கும்போது எடுங்கள். திரும்பிப் போகும் நுரை மணலில் வெள்ளைக் கோடுகளாக இழுபட்டு, பார்க்கிற கண்ணைக் கடல் பக்கம் கூட்டிப் போகும். ஒவ்வொரு அலைக்கும் முக்காலியின் கால்கள் மணலில் கொஞ்சம் புதையும். அதனால் முதலிலேயே நன்றாக அழுத்தி ஊன்றிவிடுங்கள். அடிவானக் கோடு சாய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல படமும் கண்ணை உறுத்தும். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்று எடுக்காதீர்கள். சென்னைக் கடலில் கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் பலம்.

அங்கிருந்து தெற்கே: முட்டுக்காடு, கோவளம்

சூரியன் ஒரு பனை உயரம் ஏறியதும் கடலை விட்டுக் கிளம்புங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) தெற்கே போனால் முட்டுக்காடு. ஊரை ஒட்டி உப்பங்கழி கடலைச் சேருகிறது. சாலை வடக்கு தெற்காகப் போவதால் மேற்கே உப்பங்கழி, கிழக்கே முகத்துவாரம். காலையில் மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே. பாலத்தின் மேல் வண்டிகள் பறக்கும். அங்கே நின்று படம் எடுப்பது ஆபத்து. வண்டியை ஓரமாக விட்டுக் கரைக்கு இறங்கிவிடுங்கள்.

பறக்கும் பறவையை எடுத்துப் பழக இங்கே நல்ல வாத்தியார், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. மற்ற மீன்கொத்திகள் கிளையில் உட்கார்ந்து பாயும். இது தண்ணீருக்கு மேலே நின்ற இடத்திலேயே சிறகடிக்கும். அலகு நேரே கீழே, உடல் செங்குத்தாக, தலை மட்டும் அசையாமல் இருக்கும். ஃபோகஸ் பிடிக்க அந்தச் சில நொடிகள் தாராளம். சிறகை மடக்கினால் அடுத்த கணம் பாய்ச்சல். மடக்கும்போதே பொத்தானை அழுத்திவிட வேண்டும். தண்ணீரில் விழும் தருணம் தப்பினாலும், மீனோடு எழுந்து வருவது கிடைக்கும். ஆலா என்னும் கடற்பறவைகளும் இப்படித்தான் குனிந்து பார்த்துக்கொண்டே பறக்கும். நேராகப் பார்த்துக்கொண்டு போகும் ஆலா வெறுமனே கடந்து போகிறது, அதை விட்டுவிடுங்கள்.

ஆழமில்லாத ஓரத்தில் சின்ன வெள்ளைக் கொக்கைத் தேடுங்கள். அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஒரு காலை முன்னே நீட்டி, அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றில் படபடவென்று நடுக்கும். கலங்கியதும் மீன் குஞ்சும் இறாலும் அலறியடித்து வெளியே வரும், அலகு பாயும். கால் நடுங்குவதைப் பார்த்ததும் தயாராகிவிட்டால், பாய்ச்சலை நீங்கள் துரத்த வேண்டியதில்லை. இப்படி ஒரே கொக்கை அரை மணி நேரம் பார்ப்பது, பத்து இனப் பறவைகளை ஆளுக்கொரு படம் எடுப்பதைவிட அதிகம் கற்றுத் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

காற்றையும் கவனியுங்கள். பறவை கிளம்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். தை மாத வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். காலையில் முட்டுக்காட்டில் நீங்கள் தென்மேற்கைப் பார்த்து நின்றால் காற்றும் வெயிலும் பின்பக்கமாகவே வரும். இறங்கும் கூட்டம் உங்கள் பக்கமே முகத்தைக் காட்டிக்கொண்டு வரும். இது தற்செயல் போலத் தோன்றும், ஆனால் நிற்கும் இடத்தைப் பொறுத்ததுதான்.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலை உப்பங்கழியைக் குறுக்கே கடக்கிறது. அது கிழக்கு மேற்கான சாலை. குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்திருப்பதால், அங்கே வடக்கே பார்த்து நின்றால் எந்த நேரமும் வெளிச்சம் பின்னால்தான். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான் இங்கே சாதாரணம். தண்ணீர் மட்டம் சரியாக அமைந்த ஆண்டுகளில் பூநாரையும் வந்து இறங்கும்.

ஒன்பதரைக்கு மேல் கிளம்பிவிடுங்கள். சூடேறிய சேற்றிலிருந்து எழும் காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவை ஃபோகஸ் ஆனதுபோல் தெரியும், வீட்டில் பெரிதாக்கினால் குழைந்து போயிருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதைச் சரி செய்ய முடியாது.

பறவைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்

இந்தப் பகுதியை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

பறவையை நோக்கி நேரே நடக்காதீர்கள். இரை தேடிக்கொண்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால், நல்ல தூரத்தில், வெயில் பின்னால் இருக்கும்படி போய் உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்த மனிதரை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கொஞ்ச நேரத்தில் பொருட்படுத்துவதில்லை. மேய்ந்துகொண்டே தாமாகவே பக்கத்தில் வரும். கேமராவைத் தரையோடு தாழ்த்தி, பறவையின் கண் மட்டத்தில் வைத்து எடுங்கள். நின்றபடி எடுத்த படத்தில் பறவைக்குப் பின்னால் சேறுதான் இருக்கும். தாழ்ந்து எடுத்தால் பின்னணி தூரத்துத் தண்ணீராகி மென்மையாகக் கரைந்துவிடும். சேறு ஒட்டும், பழைய லுங்கி ஒன்றையோ பிளாஸ்டிக் விரிப்பையோ கொண்டுபோங்கள்.

பறவை இரை எடுப்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அசையாமல் இருங்கள். நடந்து விலகத் தொடங்கினால் நீங்கள் பின்வாங்குங்கள். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிவது, கை தட்டுவது, ஓடி விரட்டுவது எல்லாம் கொடுமை. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளான், மார்ச்சில் திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதன் சேமிப்பில் கை வைக்கிறோம்.

மார்ச்சுக்கு மேல் இன்னொரு கவனம். ஆள்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும். மண்ணும் கூழாங்கல்லும் கலந்த நிறத்தில் முட்டைகள் இருக்கும். மிதிக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. உங்கள் தலைக்கு மேல் அது விடாமல் கத்திக்கொண்டு சுற்றினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்பி வெளியே வாருங்கள். அங்கே படம் வேண்டாம். தாய் எழுந்து நிற்கும் நேரத்தில் முட்டை வெயிலில் வெந்துபோகும், காகமும் பார்த்துக்கொண்டே இருக்கும். கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடவும் வேண்டாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். மாணவர் குழு ஒன்று பல பத்தாண்டுகளாக இரவு நடை போய் முட்டைகளைக் காத்து வருகிறது. ஆமையைக் கண்டால் ஃபிளாஷும் டார்ச்சும் அடிக்கக் கூடாது. முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

குப்பத்து மனிதர்கள்

கரையோரம் என்றால் அங்கே வாழ்கிறவர்களும்தான். மீனவக் குப்பத்தில் படகும் வலையும் கிடக்கும் இடம் அவர்களுடைய வேலைத்தளம், வீட்டு வாசல். கேமராவைத் தூக்குவதற்கு முன், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். "வேணாம்பா" என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், படகில் ஏறி நிற்காதீர்கள்.

கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் பறவை பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நிறைய என்று புரியும். கரைவலை இழுக்கும் இடத்தில் கொக்கும் காகமும் முன்கூட்டியே வந்து காத்திருக்கும், மேலே பருந்து வட்டமிடும். வலை எப்போது கரை சேரும் என்று இழுப்பவர்களைக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தால், பெரிய லென்ஸ் இல்லாமலே செம்பருந்து மீனைத் தூக்கும் படம் கிடைக்கும்.

துறைமுகம், கடற்படை இடங்கள், கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அனுமதி இல்லாமல் டிரோனும் வேண்டாம். உடைந்த பாலம் பக்கம் அடையாறு முகத்துவாரம் பார்க்க அழகான இடம், ஆனால் இருட்டில் தனியாகப் போகாதீர்கள்; பெண்களுக்கு மட்டும் சொல்லும் எச்சரிக்கை இல்லை இது, எல்லோருக்கும்தான்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

நகருக்குள்ளேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. இங்கிருந்து தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேருகிறது. துரைப்பாக்கம் சாலையோரத்திலிருந்தே நீலத் தாழைக்கோழியையும் கூழைக்கடாவையும் எடுத்துவிடலாம். வாகனப் புகையும் இரைச்சலும் இருக்கும், பறவைகள் அதற்குப் பழகிவிட்டன.

முழு நாள் கைவசம் இருந்தால் வடக்கே பழவேற்காடு. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வழித்தடத்தில் புறநகர் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரியது இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடும். அவை தூரத்தில்தான் நிற்கும் என்பதால், தனிப் பறவைக்கு ஆசைப்படாமல் கூட்டத்தை ஒரு இளஞ்சிவப்புக் கோடாக வைத்து, மேலே வானமும் கீழே தண்ணீரும் நிறைய விட்டு எடுங்கள். படகில் போவதென்றால் அனுமதி உண்டா என்று அங்கே விசாரித்து, லைஃப் ஜாக்கெட் தந்தால் மட்டும் ஏறுங்கள்.

திரும்பி வந்த பிறகு

சென்னையில் கேமராவுக்கு இரண்டு எதிரிகள், உப்பும் ஈரமும். கடற்காற்றில் நின்ற கேமராவை அன்றைக்கே துடைத்துவிடுங்கள். முதலில் பிளோயரால் மணலை ஊதுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து உடம்பைத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை. முக்காலியின் கால்களை நீட்டி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படியும். இரவே பையில் போட்டு மூடி, ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மறந்துவிட்டால், பையைத் திறக்காமலே வெளியே கொண்டுபோய் அரை மணி நேரம் காத்திருங்கள்.

படங்களைப் பார்க்கும்போது கண்ணில் ஃபோகஸ் விழாதவற்றை முதலில் நீக்குங்கள். பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் செயலி உதவும். பார்த்த இனம், எண்ணிக்கை, இடம் மூன்றையும் இ-பேர்டு செயலியில் பதிந்துவிட்டால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். லென்ஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் திறந்த அலமாரியில் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், உள்ளே பிடித்தால் எடுப்பது செலவு. ஜெல் மணிகள் நிறம் மாறியதும் மிதமான சூட்டில் வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.